திரைக்கு வெளியே ஒரு வால்

இப்போதெல்லாம் ஒருவன் நியாயம் பேசினால் நாலு பேர் நிற்பதில்லை. உளறினால் நானூறு பேர் நிற்கிறார்கள். எங்கள் பால் நிலையத்து முற்றத்தில் அன்றைக்கு அப்படித்தான் கூட்டம். கறந்த பால் கேனிலேயே திரிந்துகொண்டிருக்கிறது, எவனுக்கும் கவலை இல்லை. வால்ஞானி வந்திருக்கிறாராம்!

சினை மாட்டின் வாலைப் பிடித்தே, வயிற்றில் இருப்பது கிடாரியா காளையா என்று சொல்லிவிடுவாராம். மாட்டின் முகத்தைப் பார்த்தால் வாக்குக் கெட்டுவிடுமாம். அதனால் நடுவே ஒரு திரை. திரையில் ஓர் ஓட்டை. ஓட்டை வழியே வால். இந்தப் பக்கம் ஞானி. சுற்றிலும் வாய் பிளந்த கூட்டம்.

என் மகளின் மாடு வேளைக்கு எட்டு லிட்டர் கறப்பது. அதன் வாலைத் தடவிவிட்டு, "காளைக் கன்னும்மா. இருக்கிற பாலும் வத்திடும். சீக்கிரம் தள்ளிவிட்டுடு" என்றார் ஞானி. பக்கத்திலேயே அவர் மச்சான், மாட்டு வியாபாரி. "அக்கா கஷ்டப்படக் கூடாது. பாதி விலைக்கு நானே ஓட்டிக்கிறேன்" என்று கயிற்றையே பிடித்துவிட்டான். என்ன இரக்கம்!

"வித்துடவாப்பா? இவர் சொன்னது தப்பினதே இல்லையாமே!" மகள் கண்ணைக் கசக்கினாள். அவள் வீட்டில் அடுப்பு எரிவதே அந்த மாட்டால்தான்.

எப்படித் தப்பும்? நல்ல கறவைக்கெல்லாம் காளை என்கிறார்; மாடு கைமாறிப் போகிறது. போன மாடு எங்கே என்ன ஈன்றது என்று எவன் போய்ப் பார்த்தான்?

"கொஞ்சம் பொறும்மா. என்னுதையும் காட்டிட்டு வர்றேன்" என்று பின்பக்கச் சந்துக்குப் போனேன். ஓட்டி வந்து, ஓட்டைக்குள் வாலை நுழைத்துவிட்டு, திரைக்கு மேலே தலையை நீட்டினேன்.

ஞானி கண்ணை மூடினார். "எவ்வளவு கறக்கும்?"

"நேத்து கறந்ததுக்கு இன்னிக்கு ஒரு சொட்டு குறையலீங்க."

மச்சான் சப்புக்கொட்டினான்.

"ஆறு மாசச் சினை. கன்னு புரளுறது கையில தெரியுது. காளை! வித்துடுங்க பெரியவரே."

"நான் எடுத்துக்கிறேன்!" என்று துள்ளினான் மச்சான்.

திரையைப் பிடித்து இழுத்தேன். நின்றது என் வண்டிமாடு. பத்து வருஷமாகப் பாரம் இழுக்கும் கிழட்டு எருது!

கூட்டம் எட்டி எட்டிப் பார்த்தது. ஞானி மட்டும் அசரவில்லை. "பாத்தீங்களா! வால் காளைன்னு சொல்லுச்சு, நானும் காளைன்னேன்!"

பத்துப் பேர் கை தட்டினார்கள். சத்தியமாகத் தட்டினார்கள்!

"சரிய்யா, அந்த ஆறு மாசச் சினை?" என்றேன். "பிரசவம் பாக்க நீ வருவியா, உன் மச்சான் வருவானா?"

சிரிப்பு வெடித்தது. ஒருவர் சிரித்த சிரிப்பில் பால் கேன் உருண்டது. எருது தன் பங்குக்கு ஞானியின் மடியில் சாணி போட்டது. மகள், அந்த மச்சான் கையிலிருந்த கயிற்றை வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டாள். அவன் வண்டியைக் கிளப்ப, ஞானி சாணியோடு பின்னால் ஓடினார்.

ஒருவன் மெதுவாக என்னிடம் வந்தான். "இவன் டூப்பு பெரியவரே. அடுத்த ஊர்ல ஒருத்தர் கொம்பைத் தட்டியே சொல்றாராமே, அவர் நெஜமா?"

"உன் கழுத்துக்கு மேல ஒண்ணு இருக்கே, முதல்ல அதைத் தட்டிப் பாரு. டங்குன்னு கேட்டா உள்ளே காலி."

அவன் தட்டவில்லை. அந்த ஊருக்கு எத்தனை மணிக்கு பஸ் என்று பக்கத்தில் இருந்தவனைக் கேட்டான். இவர்கள் திருந்துவார்கள் என்று நீங்கள் வேண்டுமானால் நம்புங்கள். நான் எருதை ஓட்டிக்கொண்டு நடையைக் கட்டினேன்.