நாலாவது மாடித் துப்பாக்கி

மூன்று துப்பாக்கிகளில் எது கைக்கு அடக்கமானது என்று சைமன் வெள்ளிக்கிழமைக்குள் எழுதியாக வேண்டும். அவன் ஆயுளில் ஒரு துப்பாக்கியையும் தொட்டதில்லை.

வெளிநாட்டு இணையதளம் ஒன்று கொடுத்த வேலை. சுட்டதும் அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றிக்கொள்ளும் மூன்று கைத்துப்பாக்கிகள். எது சிக்காமல் சுடும், எது பைக்குள் அடங்கும், எது பிடிக்க வாகானது என்று ஒப்பிட வேண்டும். அங்கங்கே படித்ததைத் திரட்டி எழுதி அனுப்பினான். ஆசிரியர் திருப்பி அனுப்பிவிட்டார். கையில் பிடித்துப் பார்க்காதவன் எழுதியது போல இருக்கிறதாம். வெள்ளிக்குள் திருத்திக் கொடுத்தால் மாதாமாதம் வேலை உண்டாம்.

மனைவி பெர்சிஸ் இறந்த பிறகு அவனுக்கு வந்த முதல் வேலை அது. அவள் மழைக்காலத்தில் போனாள். அதிலிருந்து, யாங்கோனின் மிங்கலா தாங்ஞுன்ட் வட்டாரத்து நாலாவது மாடி வீட்டில், முறை வைத்து வரும் மின்சாரம் வந்தால் எழுந்தான், போனால் படுத்தான். இந்த வேலையும் கைவிட்டுப் போனால் மின்சாரம் வந்தும் எழுந்திருக்கக் காரணம் இருக்காது.

யாங்கோனில் துப்பாக்கியைப் பிடித்துப் பார்க்க ஆசைப்படுபவனை வேறு ஆட்கள் வந்து பிடித்துப் பார்ப்பார்கள். ஆகவே சைமன் துணிசோப்புக் கட்டிகளை வாங்கிவந்து, இணையத்தில் கண்ட அளவுப்படி சமையல் கத்தியால் செதுக்கினான். கனத்துக்கு உள்ளே நட்டுகளைச் செருகினான். மேலே ஷூ பாலிஷ் பூசினான்.

பெரிய துப்பாக்கி முடிந்த நேரத்தில், மூன்றாவது மாடி மக்தலேனா அக்கா மீன் குழம்போடு உள்ளே வந்தாள். மடிக்கணினியில் இருந்த படங்களைப் பார்த்தாள். மேசையில் இருந்ததையும் பார்த்தாள்.

"தம்பி, இது எதுக்கு?"

சைமன் முன்பே குறைவாகப் பேசுகிறவன். பெர்சிஸ் போனபோது அதிலும் பாதி போய்விட்டது.

"வேலைக்கு, அக்கா. எது முதல் தடவையே சிக்காம சுடும்னு பாக்கிறேன். வெள்ளிக்கிழமையோட முடிஞ்சிடும். அப்புறம் நீங்க எனக்காகக் குழம்பு தூக்கிட்டு மாடி ஏற வேணாம்."

அக்கா குழம்பை வைத்த இடம் தரை. அவன் பாலிஷ் கறையைக் கழுவிவிட்டு வந்தபோது அக்காவைக் காணோம். துப்பாக்கியைக் காணோம். கத்தியையும் காணோம்.

தன்னைக் கொலைகாரன் என்று நினைத்துவிட்டாள் என்பது சைமனுக்குப் புரிந்தது. வார்டு அலுவலகத்தில் போய்ச் சொல்வதற்குள் வேலையை முடித்து, மேசையைத் துடைத்துவிட வேண்டும். ஆனால் இன்னும் இரண்டு துப்பாக்கி பாக்கி. எதிர் வீட்டுக் கதவைத் தட்டினான். மிங்கலா சந்தையில் கைலிக் கடை வைத்திருக்கும் ஜாபிர் திறந்தார்.

"பாய், ஒரு கத்தி கிடைக்குமா? கூரா இருந்தா நல்லது."

"எங்க வீட்டுல கத்தியே கிடையாது, கோ சைமன்," என்றார் பர்மிய வழக்கப்படி மரியாதை சேர்த்து.

உள்ளே அவர் மனைவி ருமானா வெங்காயம் நறுக்கும் சத்தம் சட்டென்று நின்றது.

ஜாபிர் அத்தோடு விடவில்லை. கூடவே வந்து அவன் வீட்டில் உட்கார்ந்து, மதியம் முழுக்கக் கைலிச் சாயம் போவதைப் பற்றியே பேசினார். அவர் போன பிறகு பார்த்தால் பால்கனிக் கயிற்றைக் காணோம். அந்த ஊரில் எல்லா பால்கனியிலும் ஒரு கயிறு தெருவரைக்கும் தொங்கும். கீழே குரல் கொடுத்தால் தேநீர்ப் பொட்டலம் அதில் ஏறி வரும். இனி ஒரு தேநீருக்கு நாலு மாடி இறங்க வேண்டும்.

பயந்தவர்களுக்குத் தான் நல்லவன் என்று காட்ட வேண்டும் என முடிவு செய்தான். இரவல் வாங்கிய எதையும் திருப்பிக் கொடுக்காமல் வைத்திருந்தது நினைவுக்கு வந்தது. மக்தலேனாவின் கிண்ணங்களைத் தேய்த்துக் கொண்டுபோய் வைத்தான். முதல் மாடி ஏசுரத்தினம் பெரியவரிடம் அவருடைய சதுரங்கப் பலகையைக் கொடுத்து, இத்தனை நாள் விளையாடியதற்கு நன்றி சொன்னான். பெர்சிஸ் வளர்த்த மல்லிகைத் தொட்டியை ருமானாவிடம் நீட்டினான்.

"இனிமே நீங்க தண்ணி ஊத்துங்க. என்னால முடியல."

ருமானா தொட்டியை அணைத்துக்கொண்டு அழுதாள். இந்த அளவுக்குப் பயமா என்று சைமனுக்கு வருத்தமாக இருந்தது.

மறுநாளிலிருந்து அவன் வீட்டில் கூட்டம் குறையவில்லை. காலையில் மக்தலேனா, தன் வீட்டில் வெளிச்சம் போதவில்லை என்று தைக்க வந்தாள். மதியம் ஜாபிர், கணக்குப் பார்க்க அமைதி வேண்டும் என்று வந்து, அமைதியைக் கெடுத்தார். மாலையில் முட்டிவலிக்காரரான ஏசுரத்தினம் நாலு மாடி ஏறி வந்து, தன் வீட்டில் காற்று வரவில்லை என்றார். சைமன் குளிக்கப் போனால் வெளியே நின்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். வேவு பார்க்கிறார்கள் என்று அவன் நினைத்தான்.

செதுக்கக் கத்தி இல்லை. விரட்ட மனம் இல்லை. வேறு வழியில்லாமல் அட்டையைக் கிழித்து மூன்று துப்பாக்கி செய்தான். வந்தவர்கள் கையில் கொடுத்துப் பார்த்தான். மக்தலேனாவின் விரல் பெரியதன் விசைக்கு எட்டவில்லை. சின்னதை ஜாபிர் பிடித்தால் சுண்டுவிரல் வெளியே தொங்கியது. நடுங்கும் கை உள்ள ஏசுரத்தினத்துக்கு நடுத்தரமானது ஒத்துவந்தது. பிடித்தவர்கள் எல்லாரும் அதைத் திருப்பிக் கொடுக்காமல் மடியில் வைத்துக்கொண்டார்கள். அட்டை என்றும் பார்க்கவில்லை.

பார்த்ததை அப்படியே எழுதினான். வெள்ளிக்கிழமை மின்சாரம் வந்ததும் அனுப்பினான். அது போவதற்குள் ஆசிரியரின் பதில் வந்தது. இப்போதுதான் கையில் பிடித்திருக்கிறாய், அடுத்த மாதத்திலிருந்து வேலை என்று.

ஏசுரத்தினம் பிரம்பு நாற்காலியில் இருந்தார். சைமன் எல்லாவற்றையும் சொன்னான். இணையதளம், கட்டுரை, சோப்பு.

"சோப்பா?" பெரியவர் முகம் தொங்கிப் போனது. "மக்தலேனா அதை வாளித் தண்ணியில போட்டு வெச்சா. நாங்க சுத்தி உட்கார்ந்து ஜெபம் பண்ணினோம். காலையில பாத்தா நுரையும் ரெண்டு நட்டும்தான். அற்புதம்னு சர்ச்சுல சாட்சியே சொல்லிட்டாடா."

சைமனுக்குச் சிரிப்பு வந்தது. சத்தம் பழக்கமில்லாத சத்தமாக இருந்தது. சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்தான்.

"இனிமே யாரும் என்னைப் பாத்துப் பயப்பட வேணாம், அங்கிள். நீங்க வீட்டுக்குப் போய்ப் படுங்க."

பெரியவர் நாற்காலியில் இன்னும் நன்றாகச் சாய்ந்துகொண்டார்.

"உன்னைப் பாத்து யாருடா பயந்தது? உன்னைத் தனியா விடக் கூடாதுன்னு கரண்ட் மாதிரி முறை வெச்சு உட்கார்ந்திருக்கோம்; ராத்திரி முறைக்கு ஜாபிர் வராம நான் எப்படி எழுந்திருக்கிறது?"