சந்தனம் பூசாத மொட்டைத் தலையர்

திருத்தணியில் ஜாக்கிரதை நம்பியது இரண்டே பேரைத்தான். ஒருவர் மலைமேல் இருக்கும் முருகன். இன்னொருவர் அவரே. அதிலும் பூட்டிய பெட்டியின் சாவியை எங்கே வைத்தோம் என்று தேடும் நாட்களில் இரண்டாமவர் பேரிலும் அவருக்கு லேசான சந்தேகம் உண்டு.

அவருடைய சொந்தப் பெயர் ரேஷன் கார்டில் இருந்திருக்கும். எங்களுக்கு அவர் ஜாக்கிரதைதான். அவர் எழுதி ஒட்டும் ஒவ்வொரு நோட்டீஸும் அந்தச் சொல்லில் போய் முடியும். ரங்கூனில் இருபது வருஷம் அச்சுக்கூடத்தில் எழுத்துக் கோத்தவர். அதனால் கையால் எழுதினாலும் அச்சடித்த மாதிரியே இருக்கும்.

நாற்பத்திரண்டில் ரங்கூன் மேல் குண்டு விழுந்து, ஜனங்கள் காடு மலை தாண்டி நடந்தே வந்தார்களே, அந்தக் கூட்டத்தில் வந்தவர் அவர். இந்தப் பக்கத்து ஊர்களில் பிறந்தும் வீடு வாசல் இல்லாமல் போன இருபது முப்பது குடும்பங்கள் மலையடிவாரத்துப் பழைய சத்திரம் ஒன்றில் தங்கின. ஊர் அவர்களை ரங்கூன்காரர்கள் என்றது. அவர்களும் ஊரை அப்படித்தான் பார்த்தார்கள், ஏதோ அயல்தேசத்தில் வந்து இறங்கிவிட்டதுபோல. அந்த அயல்தேசத்தில் நம்மவர்கள் ஏமாந்துவிடக் கூடாதே என்று ஜாக்கிரதை தாமாகவே காவல் வேலையை எடுத்துக்கொண்டார்.

'ரங்கூன் ஜனங்களுக்கு அறிவிப்பு' என்று தொடங்கும். 'குதிரை வண்டியில் ஏறும்போது ரங்கூன் என்று வாயைத் திறக்காதீர்கள். திறந்தால் வண்டி மலையை மூன்று தடவை சுற்றும். ஜாக்கிரதை.' இன்னொன்று: 'மலைக்குரங்கு உள்ளூர்க்காரர் கைத் தேங்காயைத் தொடுவதில்லை. நம்மவர் தேங்காயையே பிடுங்குகிறது. யாரோ பழக்கியிருக்கிறார்கள். ஜாக்கிரதை.'

நான் அப்போது திருத்தணி ஸ்டேஷனில் பார்சல் குமாஸ்தா. யுத்த காலத்தில் காகிதம் கிடைப்பது அபூர்வம். மனுஷன் படும் பாட்டைப் பார்த்து, ஒரு பக்கம் எழுதிக் கழித்த பார்சல் படிவங்களைக் கட்டாகக் கட்டி அவருக்குக் கொடுத்தேன். நான் கொடுத்த காகிதத்திலேயே மறுநாள் இப்படி ஒரு நோட்டீஸ் என் ஆபீஸ் சுவரில் ஒட்டியிருந்தது: 'ரயில் பார்சல் குமாஸ்தா சிரித்துச் சிரித்துப் பேசுவார். பெயர் என்ன, ஊர் என்ன, பெட்டியில் என்ன என்றெல்லாம் கேட்பார். ஜாக்கிரதை.'

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆளைக் கூப்பிட்டு, "ஏன்யா, பேரும் ஊரும் கேக்காம பார்சல் எப்படிப் புக் பண்றது?" என்றேன்.

"கேக்கறதுல தப்பில்ல சார்," என்றார் அமைதியாக. "சிரிச்சிகினு கேக்கறீங்களே, அதுதான் இடிக்குது."

அதன்பின் ஒரு வாரம் நான் சிரிக்கவில்லை. பல்வலியா என்று ஸ்டேஷன் மாஸ்டர் விசாரித்தார்.

ஜாக்கிரதைக்கு ஊரில் எதிரிகள் என்றால் ஆடுகள்தான். நோட்டீஸை அவர் சோற்றுக் கஞ்சியால் ஒட்டுவார். அவர் தெருமுனை திரும்புவதற்குள் ஆடு வந்து கஞ்சியோடு எச்சரிக்கையையும் தின்றுவிடும். கசந்தால் தின்னாது என்று யோசித்து, வேப்பிலையை அரைத்துக் கஞ்சியில் கலந்தார். ஆட்டுக்கு வேப்பிலை என்றால் உயிர் என்பது இருபது வருஷம் கடல் தாண்டி இருந்ததில் மறந்துபோயிருந்தது. அதுவரை வராத தெரு ஆடுகளும் தேடிக்கொண்டு வந்தன. கடைசியில் மிளகாய்த்தூள் கலந்த பிறகுதான் நோட்டீஸ்கள் சுவரில் தங்கின.

இதுவரை சொன்னது விளையாட்டு. சத்திரத்தில் கன்னியம்மா என்று ஒரு பெண் இருந்தாள். ஜாக்கிரதையை நைனா என்று கூப்பிடுவாள். அவள் புருஷன் ஏழுமலை, பாதி வழியில் காய்ச்சலில் விழுந்து, "நீ கூட்டத்தோட போ, நான் பின்னால வந்துகினே இருக்கேன்" என்று சொல்லி அனுப்பியவன். வரவில்லை. சேதியும் இல்லை.

ஒருநாள் சுருட்டை முடியும் பெரிய மீசையுமாக ஒரு ஆள் சத்திரத்துக்கு வந்தான். "ஏழுமலையை முகாம்ல பார்த்தேன். குளிர்ல நடுங்கறான்" என்று அழுதான். கன்னியம்மா தன்னிடம் இருந்த ஒரே கம்பளியையும், புருஷனுக்கென்று எடுத்து வைத்திருந்த புதுவேட்டியையும் கொடுத்தனுப்பினாள். மறுநாள் அதே ஆள் பொதட்டூர்பேட்டையில் வேறொருத்தியின் புருஷனுக்காக அழுதுகொண்டிருந்தான் என்று சேதி வந்தது. அன்றைக்கு ஜாக்கிரதை சாப்பிடவில்லை. உட்கார்ந்து ஒரு நோட்டீஸ் எழுதினார்.

'ரங்கூன் சேதி கொண்டுவந்தேன் என்று யார் வந்தாலும் வாசலோடு அனுப்புங்கள். உட்காரச் சொல்லாதீர்கள். தண்ணீர் கொடுக்காதீர்கள். முக்கியமாக, சேதியைச் சொல்ல விடாதீர்கள். சொன்னால் நம்பிவிடுவீர்கள். ஜாக்கிரதை.'

கீழே திருடனின் அடையாளம்: சுருட்டை முடி, பெரிய மீசை. இதைப் படித்ததும், "திருத்தணியில இந்த அடையாளம் எத்தனை நாளைக்குய்யா? மலையேறி ஒரு மொட்டை போட்டுக்கினா தீர்ந்தது" என்றேன். அவர் முகம் வெளுத்துவிட்டது. உடனே அடையாளத்தைத் திருத்தி 'மொட்டைத் தலை, மீசை இல்லை' என்று எழுதிவிட்டார். தினமும் நூறு மொட்டை இறங்கிவரும் ஊரில் இது எப்பேர்ப்பட்ட அடையாளம் என்று பாருங்கள். முதல் வாரமே மஃப்டியில் இருந்த ஒரு ஹெட் கான்ஸ்டபிளை, பிள்ளைக்கு வேண்டிக்கொண்டு மொட்டை போட்ட மனுஷனை, சத்திரத்து வாசலில் மடக்கிப் பிடித்து, "நீ பொதட்டூர்பேட்டைக்குப் போனியா இல்லியா?" என்று விசாரித்தார். போலீஸ் ஸ்டேஷனுக்கு வரச் சொன்னது யார் யாரை என்பதில்தான் கடைசிவரை குழப்பம்.

அடுத்த வருஷம் ஆடி பிறந்தது. ஏழுமலையின் அண்ணன் ஆர்.கே.பேட்டையிலிருந்து வந்து கன்னியம்மாவிடம் சொல்லிவிட்டுப் போனான். "வருஷம் தாண்டிப்போச்சு. கிருத்திகை முடிஞ்சதும் அவனுக்குக் கருமாதி பண்ணிடலாம். நீயும் எல்லாத்தையும் கழட்டி வெச்சிட்டா, ஊர் வாய் அடங்கும்." கன்னியம்மா மறுநாளும் வழக்கம்போல நாற்று நடத் திருவாலங்காட்டுப் பக்கம் வேலைக்குப் போனாள். அவள் தாலிக்குப் பத்து நாள் கெடு.

அந்தப் பத்தில் மூன்றாம் நாள் பகல் பாசஞ்சரில் ஒரு ஆள் நொண்டிக்கொண்டே இறங்கினான். மொட்டைத் தலை. என்னிடம் வந்து தெலுங்கும் தமிழும் கலந்து, "ரங்கூன்வாளு இருக்கிற சத்திரம் எங்க?" என்று கேட்டான். வழி சொன்னேன்.

அதன்பின் நடந்ததை ஜாக்கிரதையே பெருமையாக வந்து சொன்னார். சத்திரத்தில் அத்தனை கதவும் சாத்தியாயிற்று. அவர் மட்டும் வாசலில் நின்று பரீட்சை வைத்திருக்கிறார். ஙப்பி என்று பர்மாவில் மீனை ஊறவைத்து இடித்து ஒரு விழுது செய்வார்கள். அதன் வாசனை எப்படி என்பது கேள்வி. நிஜமான ரங்கூன்காரன் கண்ணை மூடிக்கொண்டு ஆஹா என்பானாம்.

"இந்த ஆளு கப்புன்னு நாத்தம்னு சொன்னான் சார். எங்க வூட்டுல மீனே தொடமாட்டோம்னு ஒரு கதை வேற. நொண்டறதும் நடிப்பு. ஏழுமலைன்னு வாயைத் தொறந்தான், காதைப் பொத்திக்கினு தொரத்திட்டேன்."

அந்த ஆள் அடுத்த வண்டியிலேயே ஏறிப் போயிருந்தான். டிக்கெட் எடுத்தானா, எங்கே எடுத்தான் என்று கூட்டத்தில் யாருக்கும் ஞாபகமில்லை.

சாயங்காலம் கன்னியம்மா சேற்றுக் காலோடு வந்தாள். யாரோ சொல்லியிருக்கிறார்கள். நேரே ஜாக்கிரதையிடம் போனாள். நானும் அப்போது அங்கே இருந்தேன்.

"இன்னா சொன்னான் நைனா?"

"சொல்ல விடலம்மா."

அவள் கோபப்படவில்லை. "பொய்யாவே இருக்கட்டும் நைனா. அதையாவது கேட்டு வெச்சிருக்கலாம். மிச்சம் இருக்கிற நாளைக்காவது ஆவும் இல்ல?" என்று சொல்லிவிட்டுக் கால் கழுவப் போனாள்.

மறுநாள் காலை, திருடனைத் துரத்தியதைப் பற்றி நோட்டீஸ் போடக் காகிதம் கேட்டு என் ஆபீஸுக்கு வந்தார். நேற்றைய பெருமை குரலில் இல்லை. பிளாட்பாரத்தில் மலையிலிருந்து இறங்கிய ஒரு குடும்பம் வரிசையாக உட்கார்ந்திருந்தது. தாத்தா முதல் கைக்குழந்தை வரை ஏழு மொட்டை. ஏழு தலையிலும் மஞ்சளாகச் சந்தனம். ஜாக்கிரதை அவர்களையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மெதுவாகத் திரும்பினார்.

"சார், நேத்து வந்தவன் தலையில சந்தனம் இருந்திச்சா?"

யோசித்தேன். இல்லை. வெயிலில் கறுத்த தலை, அங்கங்கே புண் ஆறிய தழும்பு. காய்ச்சல் முகாம்களில் தலையைச் சிரைத்துவிடுவார்கள் என்று நானே கேள்விப்பட்டிருந்தேன்.

"திருடனா இருந்தா சந்தனம் பூசிக்கினு வந்திருப்பான் சார். இந்த ஊர்ல அதானே வேஷம்," என்றார். அப்படியே பார்சல் மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டார். அரை மணி நேரம் எழுந்திருக்கவில்லை. எனக்கு அவரைப் பார்க்கப் பயமாக இருந்தது. அப்புறம், "காகிதம் எவ்ளோ இருக்கோ எல்லாத்தையும் குடுங்க சார்," என்றார்.

அன்று பகல் முழுக்க எழுதினார். 'மொட்டைத் தலை. சந்தனம் இல்லை. இடது கால் நொண்டல். பார்த்தால் உட்கார வையுங்கள். தண்ணீர் கொடுங்கள். சாப்பாடு போடுங்கள். திருத்தணி சத்திரத்தில் ஒரு பெண் காத்திருக்கிறாள் என்று சொல்லித் திருப்பி அனுப்புங்கள். தவறு எங்களுடையது.' இதில் மட்டும் ஜாக்கிரதை என்ற சொல் இல்லை. அரக்கோணம் போகும் வண்டியின் கார்டிடமும் ரேணிகுண்டா போகும் கார்டிடமும் கட்டுக் கட்டாகக் கொடுத்து, ஸ்டேஷனுக்கு ஸ்டேஷன் ஒட்டச் சொன்னேன். சட்டப்படி என் வேலை போகக்கூடிய காரியம். ஸ்டேஷன் மாஸ்டர் அன்றைக்கு என் பக்கம் திரும்பவே இல்லை. நல்ல மனுஷர்.

ஆடிக் கிருத்திகைக் கூட்டம் அது. மொட்டை போட்டுத் திரும்புகிறவர்களின் சந்தனம் வியர்வையில் கரைந்து இரண்டு ஸ்டேஷன் தாண்டுவதற்குள் காணாமல் போய்விடும். நடந்த களைப்பில் பாதிப் பேர் நொண்டத்தான் செய்வார்கள். வழிநெடுக அவர்களைப் பிடித்து உட்கார வைத்து மோர் கொடுத்திருக்கிறார்கள். அரக்கோணத்தில் ஒரு பெரியவருக்கு மூன்று பேர் போட்டி போட்டுச் சோறு போட்டு, "திருத்தணிக்குத் திரும்பிப் போங்க, ஒரு பொம்பள காத்துகினு இருக்கா" என்றார்களாம். அவருடைய மனைவி பக்கத்திலேயே இருந்தாள்.

நோட்டீஸ் போன நான்காம் நாள் ரேணிகுண்டா பக்கமிருந்து வந்த வண்டியில் கார்டு பச்சைக்கொடியை ஆட்டுவதற்குப் பதிலாக எங்களைப் பார்த்துக் கையை ஆட்டினார். புத்தூர் வைத்தியரிடம் எலும்புக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்த ஆளைக் கண்டுபிடித்துக் கூட்டிவந்திருந்தார். இடது காலில் பெரிய கட்டு. பெயர் ராமுலு.

ஜாக்கிரதை தன் எனாமல் குவளையில் தண்ணீர் எடுத்து இரண்டு கையாலும் நீட்டினார். அந்தக் குவளையை அவர் யாருக்கும் கொடுத்து நான் பார்த்ததில்லை. ராமுலு குடித்துவிட்டு, சேதி கேட்டு ஓடிவந்திருந்த கன்னியம்மாவைப் பார்த்து, "ஏழுமலை அஸ்ஸாம்ல ரோடு போடற முகாம்ல சமையல் பண்றான் அம்மா. பாகுன்னாடு, நல்லா இருக்கான். நம்பமாட்டே, அதனால ஒண்ணு சொல்லச் சொன்னான். ரங்கூன் வூட்டுல அடுப்புக்குப் பின்னால சுருட்டுக் கட்டு இருந்திச்சாமே, அது பக்கத்து வூட்டான் வெச்சது இல்லியாம். அவன்தானாம்," என்றான்.

கன்னியம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "எனக்கு அப்பவே தெரியும்," என்றாள். "சத்தியம் பண்ணான் நைனா, சத்தியம் பண்ணான்," என்று சொல்லிச் சொல்லி அழுதாள். பிளாட்பாரத்தில் இருந்த நாங்கள் எல்லாரும் அழுதோம். கருமாதி நின்றது. ஏழுமலை அடுத்த தை மாதம் வந்து சேர்ந்தான், வாயில் சுருட்டோடு.

ராமுலுவைச் சுற்றி சத்திரமே உட்கார்ந்து, எங்கள் ஆளைப் பார்த்தாயா, எங்கள் ஆளைப் பார்த்தாயா என்று கேட்டது. ஜாக்கிரதை மட்டும் ஒன்றும் கேட்கவில்லை.

"உங்களுக்கு யாரையும் கேக்க வாணாமா?" என்றேன்.

"எனக்கு அங்க யாரும் இல்ல சார். ஆளு இருக்கிறவங்க எதைச் சொன்னாலும் நம்பிடுவாங்க. நம்பாம இருக்க ஒருத்தன் வேணுமில்ல? அதான் நான் பார்த்துக்கினேன்," என்றார்.

பழைய நோட்டீஸைக் கிழித்துப் புதிதாக எழுதினார். 'சேதி கொண்டு வருகிறவரை உட்கார வையுங்கள். தண்ணீர் கொடுங்கள். முழுக்கக் கேளுங்கள். பிறகு சந்தேகப்படுங்கள். ஜாக்கிரதை.'

யுத்தம் முடிந்து கப்பல் விட்டதும் அவர் ரங்கூனுக்கே திரும்பிவிட்டார். அச்சுக்கூடம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டுமாம். என்னிடம் சொல்லிக்கொண்டுகூடப் போகவில்லை. எனக்கு வருத்தம்தான். காலையில் ஆபீஸ் திறக்கப் போனால், சுவரில் ஈரம் காயாத ஒரு நோட்டீஸ்.

'ரங்கூன் ஜனங்களுக்கு அறிவிப்பு. பார்சல் குமாஸ்தா சிரிப்பது அவருடைய சுபாவம். அவரை நம்பலாம்.'

போகிற அவசரத்தில் கஞ்சியில் மிளகாய் போட மறந்திருக்கிறார். பத்து மணி வண்டிக்குக் கொடி காட்டுவதற்குள் ஆடு தின்றுவிட்டது. வேறு யாரும் படித்திருக்க மாட்டார்கள். நான் படித்துவிட்டேன்.