குட்டி ஜமீன்தார்களும் குபேர நகர் மைதானமும்

இந்தியா இன்னும் வல்லரசு ஆகாமல் இழுத்துக்கொண்டிருப்பதற்குப் பலரும் பல காரணம் சொல்கிறார்கள். எல்லாம் தப்பு. நம் பிள்ளைகள் பதினாறு வயது வரைக்கும் ஒரு சென்ட் நிலம்கூடச் சொந்தமில்லாமல், வெறும் பாடப் புத்தகத்தைச் சுமந்துகொண்டு திரிகிறார்களே, அதுதான் காரணம். இந்த மாபெரும் உண்மையை முதன்முதலில் தீர்மானமாகவே நிறைவேற்றிய அமைப்பு, சூலூர் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஸ்ரீ குபேர நகர் குடியிருப்போர் நலச் சங்கம். அதன் செயலாளர் அடியேன், அங்கப்பன். பதினோரு வருஷமாக ஏகமனதாகத் தேர்வாகிறேன். வேறு யாரும் நிற்பதில்லை.

காந்திபுரத்தில் எனக்குக் கிரைண்டர் உதிரிபாகக் கடை. வீட்டுக்காரி கீதா. ஒரே மகள் மோகனப்பிரியா, ப்ளஸ் ஒன் படிக்கிறாள். நல்ல பிள்ளை, அவளிடம் ஒரே ஒரு குறைதான். நீளம் தாண்டுவாள். பள்ளிக்கூட மைதானத்தைப் பள்ளிப் பேருந்துகள் நிறுத்த எடுத்துக்கொண்டார்கள். அதனால் எங்கள் நகருக்குப் பின்னால் கிடந்த ஏதோ காலியிடத்தில் மூன்று சிநேகிதிகளோடு சேர்ந்து ஒரு வண்டி மணலைக் கொட்டிக் குழி வைத்திருந்தாள். விடிந்ததும் அங்கே போய்விடுவாள்.

"நாலு மீட்டர் தொண்ணூத்தி ரெண்டுங்ப்பா. மாநிலப் போட்டிக்குள்ள அஞ்சு தாண்டோணும். தாண்டிட்டா ஸ்போர்ட்ஸ் ஹாஸ்டல்ல எடம் கெடைக்கும்" என்பாள்.

அஞ்சு மீட்டர் தாண்டி என்ன கண்ணு செய்யப் போகிறாய், அஞ்சு சென்ட் வாங்கினாலாவது ஆச்சு என்று நான் மனதுக்குள் நினைத்துக்கொள்வேன்.

நான் நினைத்த நேரம், மதன்குமார் வந்து சேர்ந்தார். இருபத்தொன்பது வயது. 'குட்டி ஜமீன் ப்ராப்பர்டீஸ்' என்ற நிறுவனத்தின் 'நிறுவனர், தலைவர் மற்றும் வழிகாட்டி'. மூன்று பதவியும் ஒரே விசிட்டிங் கார்டில் இருந்தது. சங்கக் கூட்டத்துக்கு மைசூர்பாவும் காபியும் அவர் செலவு என்றார். கூட்டம் செல்ல வேண்டுமானால் குறைந்தது இத்தனை பேர் வேண்டும் என்கிற 'கோரம்' சங்க வரலாற்றில் முதல்முறையாக நிரம்பியது.

"ஏனுங்க, உங்க குழந்தைங்க வீடியோ கேம்ல ஊடு கட்டறாங்க, ஊர் வாங்கறாங்க. நெசமான ஒரு சைட்டு மட்டும் அவங்க பேர்ல இல்லீங்களே. இது நாயமுங்களா?" என்று மைக்கில் கேட்டார் மதன்குமார்.

நியாயமே இல்லை என்று எல்லோருக்கும் பட்டது. லேத் பட்டறை வைத்திருக்கும் என் பக்கத்து வீட்டு நரசிம்மலு மட்டும் கையைத் தூக்கினார்.

"பதினெட்டு நெறையாத பசங்க பேர்ல எப்படிங்க பத்திரம் போடறது?"

"கார்டியன்னு நீங்க கையெழுத்துப் போட்டாப் போதுமுங்கண்ணா. மைனர் தாராளமா வாங்கலாம். விக்கறதுக்குத்தான் கோர்ட்ல பர்மிஷன் வாங்கோணும்."

"அப்ப அவசரத்துக்கு விக்க முடியாதுங்களா?"

"விக்கறவனெல்லாம் புரோக்கருங்கண்ணா. வெச்சிருக்கறவன்தான் ஜமீன்!"

கைத்தட்டல் அடங்க நேரம் பிடித்தது. விற்க முடியாத ஆளாகப் பார்த்து விற்பதில் உள்ள தொலைநோக்கு, அன்று எங்கள் யாருக்கும் முழுதாகப் புரியவில்லை. நரசிம்மலுவின் மகன் யஷ்வந்த் எழுந்து, "சார், மூணு வருஷத்துல சைட்டு வெலைல அப்ரிசியேஷன் எத்தனை பர்சன்ட் வரும்?" என்று கேட்டான். வயது பதினைந்து. காலாண்டுத் தேர்வில் சதவீதக் கணக்கு அத்தனையும் தப்பாகப் போட்டவன் என்று அவன் அம்மா பத்மாவதியே சொல்லியிருக்கிறார். அந்தப் பிள்ளை வாயிலிருந்து இப்படி ஒரு கேள்வி! நரசிம்மலுவுக்குக் கண் கலங்கிவிட்டது. அந்த வாரமே அவனுக்கு 'இளம் நில முதலீட்டாளர்' என்று கார்டு அடித்துக் கொடுத்துவிட்டார்.

தீர்மானம் நிறைவேறியது. பத்தொன்பது பிள்ளைகள், பத்தொன்பது சைட். மோகனப்பிரியாவின் காலேஜுக்கென்று பேங்கில் போட்டு வைத்திருந்ததை உடைத்து நானும் அட்வான்ஸ் கட்டினேன். இடத்தைப் பார்க்காமலே கட்டியதாக யாரும் நினைக்க வேண்டாம். போட்டோவில் பார்த்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை 'சைட் விசிட்'. காந்திபுரத்திலிருந்து கிளம்பினால்தான் மதிப்பு என்று மதன்குமார் சொல்லிவிட்டதால், சூலூர் பக்கத்து ஆட்களான நாங்கள் எல்லோரும் அவரவர் காரில் காந்திபுரம் போய், அங்கே வேனில் ஏறினோம். வேன் தெற்கே போனது. கிணத்துக்கடவு தாண்டி ஒரு தோப்பில் ஆளுக்கு இரண்டு இளநீர். பிறகு மட்டன் பிரியாணி, சைவத்துக்குக் காளான். மறுபடி வேன். ஏசி குளிர்ச்சி போய்விடுமாம், திரையை இழுத்து மூடியிருந்தார்கள். உள்ளே டிவியில் குழந்தைகள் கோட் சூட் போட்டு ஹெலிகாப்டரில் இறங்கிக்கொண்டிருந்தார்கள். பெற்றோர் அனைவரும் அயர்ந்து தூங்கிவிட்டோம். இரண்டு மணி நேரம் கழித்து வேன் நின்றபோது நாங்கள் எங்கள் பிள்ளைகளின் சைட்டுகள் இருக்கும் 'ஜூனியர் என்க்ளேவ்' வாசலில் இருந்தோம்.

அடடா, என்ன இடம்! தோரண வாயில். வண்ண வண்ணக் கொடி. நம்பர் போட்ட கற்கள். நாலு பக்கமும் பன்னிரண்டடி உயரத்துக்கு பிளக்ஸ். அதில் பனிமலை, ஏரி, ஏரியில் அன்னம். ஒவ்வொரு பிள்ளைக்கும் பொன்னாடை போர்த்தி, அவரவர் கல்லோடு போட்டோ எடுத்தார்கள்.

ஏழாம் நம்பர் கல்லில் என் மகள் பெயர் இருந்தது. கல்லை ஒரு மணல் குழிக்கு நடுவில் நட்டிருந்தார்கள். பொன்னாடையோடு அதைப் பார்த்துக்கொண்டு நின்றவள், என் பக்கம் திரும்பினாள்.

"அப்பா, இது நம்மூட்டுப் பின்னால, பொடக்காலிங்ப்பா."

"எது கண்ணு?"

"இப்ப நிக்கறமே, இந்த எடந்தானுங்க. இது நான் குதிக்கிற குழி. அந்த பிளக்ஸுக்கு அந்தாண்ட நம்மூட்டுத் துணி காயுது."

நான் நிமிர்ந்து பார்த்தேன். பனிமலைக்கு மேலே ஒரு கறுப்புத் தண்ணீர் டேங்க் தெரிந்தது. அதில் 'அங்கப்பன்' என்று வெள்ளைப் பெயின்ட்டில் எழுதியிருந்தது. ஒரே பார்வையில் முடிவுக்கு வருகிற ஆள் நானில்லை. இந்த மாவட்டத்தில் எத்தனை அங்கப்பன் இருப்பார்கள், அவர்களில் எத்தனை பேருக்கு டேங்க் இருக்கும் என்று நிதானமாக யோசித்தேன். அதற்குள் பிளக்ஸுக்குப் பின்னாலிருந்து, எங்களோடு வராமல் வீட்டில் நின்றுவிட்ட கீதாவின் குரல் கேட்டது. "ஏனுங்க பத்மாவதி, அவங்கெல்லாம் வர எந்நேரமாகுமுங்க?" என்று பக்கத்து வீட்டில் கேட்டுக்கொண்டிருந்தாள்.

எங்களுக்கு இடம் அடையாளம் தெரியாததில் ஆச்சரியமில்லை. நாங்கள் வீட்டு வாசலில் காரில் ஏறுவோம், மெயின் ரோட்டுக்குப் போவோம், திரும்பி வருவோம். பதினோரு வருஷத்தில் வீட்டுக்குப் பின்னால் நடந்து போன பெரியவர் ஒருத்தர்கூட எங்கள் சங்கத்தில் கிடையாது. அது பிள்ளைகளின் ஏரியா. கல்லையும் பிளக்ஸையும், நாங்கள் கிணத்துக்கடவு பக்கம் இளநீர் குடித்துக்கொண்டிருந்த நேரத்தில்தான் நட்டிருக்கிறார்கள்.

மறுநாள் தனியாக மதன்குமாரின் அலுவலகத்துக்குப் போனேன். கோபமாகத்தான் போனேன். அவர் எழுந்து நின்று வரவேற்று, எனக்கு மட்டும் சர்க்கரை கம்மியாகக் காபி சொன்னார். கோபத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

"அது எங்க நகரோட காலியிடமுங்களே, தம்பி."

"ஆமாங்கண்ணா. ரிசர்வ் சைட்டு. மொதல்ல லேஅவுட் போட்டப்பவே, சிறுவர் வெளையாட்டு மைதானம்னு ஒதுக்கி வெச்சது."

"அதை எப்படிங்க விக்கறீங்க?"

"சிறுவர்களுக்குன்னு ஒதுக்கின எடத்தைச் சிறுவர்களுக்குத்தானுங்கண்ணா குடுக்கறேன். பெரியவங்களுக்கு அரை சென்ட்டாச்சும் வித்திருக்கனுங்களா? சொல்லுங்க பாக்கலாம்!"

சட்டத்தை இவ்வளவு பாசத்தோடு படித்த மனிதரை நான் பார்த்ததில்லை. அவரே தொடர்ந்தார். பத்தொன்பது பேர் பணமும் மண்ணுக்குள் போய்விட்டது. கலைத்தால் யாருக்கும் திரும்பி வராது. அந்த இடம் யாருக்கும் உபயோகமில்லை என்று சங்கச் செயலாளர் ஒரு கடிதம் கொடுத்துவிட்டால், மேலே ஆக வேண்டியதை அவர் பார்த்துக்கொள்வார். அத்துடன் மோகனப்பிரியாவின் ஏழாம் நம்பரைக் கார்னர் சைட்டாக மாற்றியும் தருவார், கூடுதல் கட்டணம் இல்லாமல்.

நான் எழுதினேன். "மேற்படி இடத்தைக் கடந்த பதினோரு ஆண்டுகளாக எவரும் எவ்விதத்திலும் பயன்படுத்தி வரவில்லை என்பதை இதன்மூலம் உறுதிப்படுத்துகிறேன்." கையெழுத்துப் போடும்போது, விடிகாலையில் மகள் ஷூ மாட்டிக்கொண்டு ஓடுகிற சத்தம் காதில் கேட்டது. மறைப்பானேன், நன்றாகவே கேட்டது. ஆனால் சங்கத்தின் ரப்பர் ஸ்டாம்பைக் குத்திய சத்தத்தில் அது அமுங்கிவிட்டது. அரசாங்க அலுவலகங்களில் ஏன் அத்தனை ரப்பர் ஸ்டாம்ப் வைத்திருக்கிறார்கள் என்பது அன்றுதான் விளங்கியது.

வீட்டுக்கு வந்து விஷயத்தைப் பக்குவமாகச் சொன்னேன். மோகனப்பிரியா சாப்பிட்டுக்கொண்டிருந்தவள் கையை எடுத்துவிட்டாள்.

"அப்ப நான் எங்கீங்ப்பா குதிக்கிறது?"

"ஜமீன்தாரு குதிக்கலாமா, அம்மணி? உன்ற பேர்ல கார்னர் சைட்டு இருக்குது."

"எனக்குக் கார்னர் வேண்டாமுங்க. நீளமா ஓடறதுக்கு எடம் வேணும். போட்டிக்கு இன்னும் இருவது நாள்தான் இருக்குது."

அவள் எழுந்து கை கழுவப் போய்விட்டாள். கீதா என் தட்டைச் சத்தமாக வைத்தாள். அடுத்த திங்கட்கிழமை அம்மாவும் மகளும் டவுன் பஸ் ஏறி, கலெக்டர் ஆபீசில் மக்கள் மனுக் கொடுக்கிற வரிசையில் நின்றது எனக்குத் தெரியாது. தையல் கடைக்குப் போவதாகச் சொன்னார்கள்.

பத்து நாளில் ஒரு பெண் அதிகாரி விசாரணைக்கு வந்துவிட்டார். கூடவே அளப்பதற்கு ஒரு சர்வேயர். முதலீட்டாளர்களும் அவர்களைப் பெற்றவர்களும் கூடிவிட்டோம். யஷ்வந்த் அதிகாரியிடம் தன் கார்டைக் கொடுத்தான். அவர் அதை இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, "எந்த ஸ்கூல்ப்பா?" என்று கேட்டார். ஏழாம் நம்பர் கல்லை முந்தின நாளே யாரோ பிடுங்கி ஓரமாகப் படுக்கப் போட்டிருந்தார்கள்.

மதன்குமார் தன் பாசமான சட்ட விளக்கத்தைச் சொன்னார். அதிகாரி சிரிக்கவில்லை. பைலைத் திறந்து என் கடிதத்தைச் சத்தமாகப் படித்தார்.

"எவரும் எவ்விதத்திலும் பயன்படுத்தி வரவில்லை. இது நீங்க எழுதினதுங்களா, செயலாளர் சார்?"

"ஆமாங்க மேடம்" என்றேன். பத்தொன்பது குடும்பமும் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தது. "ஒருத்தரும் இங்க வர்றதில்லீங்க. ஆடு மாடுகூட வராதுங்க."

அப்போது கூட்டத்துக்குப் பின்னால் தடதடவென்று சத்தம் கேட்டது. மோகனப்பிரியா அரை டிரவுசர், ஷூவோடு கடைசிக் கல்லுக்கு அப்பாலிருந்து ஓடி வந்துகொண்டிருந்தாள். நரசிம்மலு பதறி விலகினார். மதன்குமார் கொடிக்கம்பத்தைக் கட்டிப்பிடித்தார். அவள் ஒன்பது, எட்டு என்று சைட் சைட்டாகக் கடந்து, குழிக்கு முன்னால் பதித்திருந்த பலகையில் கால் வைத்து எழும்பி, மணலில் போய் விழுந்தாள்.

சர்வேயர், பழக்க தோஷம், தன் டேப்பை எடுத்துக்கொண்டு போய்ப் பிடித்துவிட்டார். "அஞ்சு மீட்டர் ஆறு சென்டிமீட்டர் மேடம்" என்றார். கீதா வாய்விட்டு அழுதாள். எனக்கும் ஒரு கணம் கை தட்ட வேண்டும் போலிருந்தது. கையில் சங்கத்தின் பைல் இருந்தது.

அதிகாரி அவளைக் கிட்டே கூப்பிட்டார். "தினமும் இங்கதான் குதிக்கிறியாம்மா?"

"ஆமாங்க மேடம். மூணு வருஷமா."

"செயலாளருக்கு அது தெரியாதா?"

அவள் முழங்கை மணலைத் தட்டிவிட்டுக்கொண்டே என்னைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் தேவலாம்.

"தெரியுமுங்க மேடம். அவரு என்ற அப்பாதானுங்க. அந்த லெட்டர்ல எழுதியிருக்கறது பொய்யிங்க."

பொய் என்ற சொல்லுக்குக்கூட மறக்காமல் 'ங்க' போட்டாள். மரியாதையாக வளர்த்த பிள்ளை. அதிகாரி அவள் சொன்னதை அப்படியே எழுதிக்கொண்டு, அவளிடமே கையெழுத்தும் வாங்கினார். மைனர் கையெழுத்துச் செல்லாது மேடம் என்றார் மதன்குமார். மனுவுக்குச் செல்லும் என்றார் அதிகாரி.

நிலத்தில் பணம் போடுகிறவர்கள் முதலில் கற்க வேண்டிய பாடம் ஒன்று உண்டு: பத்திரத்தில் என்ன எழுதியிருந்தாலும், அதில் கையெழுத்துப் போட்டவன் யோக்கியனா என்று பார்க்க வேண்டும். இதைக் கற்பதற்குள் பெரிய பெரிய முதலீட்டாளர்களுக்கே தலை நரைத்துவிடுகிறது. என் மகள் பதினாறு வயதில் கற்றுக்கொண்டாள். வெளியே எங்கும் போய்க் கட்டணம் கட்டிப் படிக்கவில்லை. பெற்ற தகப்பனே கற்றுக்கொடுத்தேன்.