இராகு காலத்தில் இறக்கிய பஞ்சாங்கம்

பிள்ளையார் துணை

மல்வேர்ன், ரொறன்ரோ,
செவ்வாய்க்கிழமை

பாசமுள்ள பெரியண்ணைக்கு,

தங்கச்சி கமலாம்பிகை வணக்கத்துடன் எழுதுவது. இங்கு நானும் இவரும் மயூரியும் முருகன் புண்ணியத்தில் குறையின்றி இருக்கிறோம். அஜக்ஸில் நீங்களும் மச்சாளும் மச்சாளின் முழங்காலும் அவ்வாறே இருக்கக் கும்பிடுகிறேன். ரெலிபோனில் சொல்லலாம்தான், ஆனால் நீங்கள் உடனே ஸ்பீக்கரில் போடுவீர்கள், மச்சாள் குசினியில் நின்று மறுமொழி சொல்லுவா, நான் சொல்ல வந்தது நடுவழியில் நின்றுவிடும். ஆகையால் எழுதுகிறேன். முதலில் நன்றி. குப்பையில் போட வெளிக்கிட்டு, பிறகு மனம் மாறி எங்கள் வீட்டில் கொண்டுவந்து இறக்கினீர்களே, அந்தப் பழைய கொம்பியூட்டர்தான் மயூரியின் கல்யாணத்தைக் காப்பாற்றியது.

ஆவணியில் நாள் ஒத்துவந்தது, முகூர்த்தம்தான் ஒத்துவரவில்லை என்பது உங்களுக்குத் தெரியும். எங்கள் கோயில் ஐயர் காலை ஏழு மணி என்றார். மாப்பிள்ளை கீதனின் தாய் துர்க்கா, தங்கள் கோயில் ஐயர் சொன்ன பதினொரு மணியில் நின்றா. அவ விட்டுக்கொடுக்கத் தெரியாத மனுசி அண்ணை, எங்கேயும் எழுதித் தருவேன். இரண்டு வீட்டுக்காரரும் "சாப்பிட்டீங்களோ" என்பதற்கு மேல் பேசாமல் விட்டோம். ஒருநாள் மயூரி வேலையால் வந்து சப்பாத்தும் கழற்றாமல் சொன்னாள்: "அம்மா, நீங்களும் அன்ரியும் சண்டே நைற்றுக்குள்ள ஒரு ரைம் சொல்லுங்கோ. இல்லாட்டி நானும் கீதனும் சிற்றி ஹோலில சைன் பண்ணிப்போட்டு வாறம். ஐ ஆம் சீரியஸ்." அவள் பகிடி விடுகிற பிள்ளை இல்லை. ஒரே மகள், மணவறையும் இல்லாமல் மேளமும் இல்லாமல் ஒரு கவுண்டருக்கு முன்னால் நின்று கல்யாணம் முடிப்பதா என்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

அப்போதுதான் நீங்கள் சொன்ன பஞ்சாங்க மென்பொருள் நினைவு வந்தது. துர்க்காவிடம் கேட்டேன். "கொம்பியூட்டர் சொன்னா நான் ஓம் எண்டுறன். அது உங்கட கோயிலுக்கும் போறேல்லை, எங்கட கோயிலுக்கும் போறேல்லை" என்றா. சந்தோசத்தில் திறந்து பார்த்தால், ஆயத்தமாகக் கிடைக்கிற பதிப்பு உங்கள் கொம்பியூட்டருக்குச் சரிவராதாம், வயது போய்விட்டதாம். எழுதின மூலநிரலை அப்படியே இறக்கி வீட்டில் நாங்களே கட்டி எடுக்கவேண்டுமாம். கடையில் பார்சல் கட்டி வாங்கும் இடியப்பம் இல்லை. மாவை வறுத்து, அரித்து, குழைத்து, பிழிந்து அவிக்கிற வேலை. சரி, அதுவும் தெரிந்த வேலைதானே என்று இறங்கினேன். கட்டச் சொன்னால் நூலகம் என்கிற துணை நிரல் ஒன்று இல்லை என்றது. அதை எடுத்துக் கொடுத்தால் அது தனக்கு இன்னொன்று வேண்டும் என்றது. கல்யாணத்துக்கு ஒருவரைக் கூப்பிட, "மச்சானுக்குச் சொல்லியாச்சோ, அவன் வராமல் நான் எப்பிடி வாறது" என்று கேட்பதுபோலத்தான். எல்லாரும் வந்து சேர்ந்த பிறகும் திரை முழுக்கச் சிவப்பு எழுத்து. இவர் பின்னால் நின்று, "ஒருக்கா நிப்பாட்டிப் போட்டுப் பாருமன்" என்றார். மைக்ரோவேவ் பழுதானபோதும் இதையேதான் சொன்னவர். நான் வீட்டுக்கணக்கு எழுதிப் பழகின கை; சதம் பிசகினால் கூட்டுத்தொகையோடு சண்டை பிடிக்காமல் மேலே இருந்து வருவேன். அப்படி மேலே போனால் முதலாவது சிவப்பு வரிதான் பிழை, மற்றதெல்லாம் அதைப் பார்த்து அழுதவை. அதைத் திருத்தினேன். இன்னொரு பிழை முளைத்தது. அப்போதுதான் பொறி தட்டியது: நான் தொடங்கின நாள் அட்டமி!

எல்லாவற்றையும் அழித்துவிட்டு ஞாயிறு பின்னேரம் புதிதாக இறக்கினேன். இறக்கி முடியத்தான் மணிக்கூட்டைப் பார்க்கிறேன், நாலரை தாண்டிவிட்டது. ஞாயிறு நாலரையில் இருந்து ஆறுவரை இராகு காலம். இறக்குவது சாமான் வாங்குவதுபோல, பாதகமில்லை. அடுப்பு மூட்டுவதுதான் தொடக்கம். ஆறுவரை பொறுத்தால், முடிவு பார்க்க வருவதாகச் சொன்ன துர்க்கா வந்துவிடுவா. நல்ல நேரம் சொல்லும் பஞ்சாங்கத்தைக் கெட்ட நேரத்தில் தொடங்கலாமா? நான் என்ன செய்தேன் என்றால், கொம்பியூட்டர் தானாக நேரம் பார்ப்பதை நிறுத்தி, அதன் மணிக்கூட்டைப் பின்னால் தள்ளி நாலு மணியாக்கி, சந்தனம் வைத்துத் தேவாரம் பாடித் தொடங்கினேன். இரண்டு வரிகூட ஓடவில்லை, நின்றுவிட்டது. திரும்பத் திரும்பத் தொடங்கினேன், திரும்பத் திரும்ப நின்றது. இவர் யன்னலால் எட்டிப் பார்த்துவிட்டு, "சம்மந்தியின்ரை கார் அப்பவே வந்திட்டுது. ஸ்னோவுக்குள்ள எஞ்சினையும் நிப்பாட்டாமல் இருக்கிறா. ஏன் இறங்கேல்லை?" என்றார். எனக்கு விளங்கிவிட்டது. ஆறு அடித்த கையோடு கதவு தட்டினா.

"இராகு காலத்தில வாசல்படி மிதிக்கப்படாதெல்லே" என்றபடி வந்து, கண்ணாடியைப் போட்டுத் திரையை வாசித்தா. "புதுசா உண்டான கோப்பு, வந்து சேர்ந்த கோப்பைவிடப் பழசாக் கிடக்காம். உம்மட மணிக்கூட்டைப் பாரும் எண்டு சொல்லுது. பிள்ளை தாயைவிட மூத்ததாம், கமலாக்கா! என்ன செய்தனீங்கள்?" அண்ணை, நான் நாலே முக்காலுக்கு இறக்கியதை நாலு மணிக்குக் கட்டப் பார்த்திருக்கிறேன். ஒளிக்க வழியில்லை, சொன்னேன். துர்க்கா சிரித்த சிரிப்பில், நான் கொடுத்த வடை கையிலிருந்து விழுந்தது. "நான் காருக்குள்ள குளிரில விறைக்க, நீங்கள் இஞ்ச இராகுவை ஏமாத்துறியள்!" என்றா. எனக்கும் சிரிப்பு அடங்கவில்லை. மணிக்கூட்டைச் சரியாக்கி மீண்டும் விட்டேன். வரிகள் மழைபோல இறங்கின. பஞ்சாங்கம் திறந்து நாளைக் கொடுக்க, முகூர்த்தம் காலை ஒன்பது மணி என்றது. ஏழும் இல்லை, பதினொன்றும் இல்லை. துர்க்கா திரையைக் கனநேரம் பார்த்துவிட்டு, "ஓம், ஒன்பதே இருக்கட்டும்" என்றா. மயூரிக்குச் சொன்னோம். இரண்டு பேரையும் சேர்த்துக் கட்டிப்பிடித்தாள்.

இதை எழுதி இலவசமாக விட்ட மகராசன் யாரென்று தெரியாது. நேற்றுக் கோயிலில் அவர் பேரில் அர்ச்சனை செய்யக் கொடுத்தேன். ஐயர் பெயர், நட்சத்திரம் கேட்டார். மென்பொருள் வெளிவந்த தேதியை அதே பஞ்சாங்கத்தில் போட்டுப் பார்த்து வைத்திருந்தேன். "அனுஷம், நாலாம் பதிப்பு" என்றேன். ஐயர் என்னைப் பார்த்துவிட்டு அப்படியே சொல்லித் தீபம் காட்டினார்.

ஆகவே அண்ணை, நீங்களும் மச்சாளும் ஒன்பது மணிக்கு முதலே மண்டபத்தில் நிற்கவேண்டும். நானூற்றியொன்று நெடுஞ்சாலையை நம்பாமல் வெள்ளன வெளிக்கிடுங்கள். உங்கள் இருவருக்கும் எல்லாம் வல்ல பிள்ளையார் நீண்ட ஆயுளும் நோகாத முழங்காலும் தரட்டும்.

உங்கள் நன்றி மறவாத தங்கச்சி,
கமலாம்பிகை மகேஸ்வரன்

பி.கு.: இதைத் தபாலில் போட நல்ல நேரம் பார்ப்போமென்று பஞ்சாங்கத்தைத் திறந்தேன். இன்று ஆறரைக்கே சூரியன் உதித்ததாம். நான் ஏழு மணிக்கு விளக்கேற்றும்போது வெளியே கும்மிருட்டு. மூலையில் பார்த்தால் ஊர் என்ற இடத்தில் யாழ்ப்பாணம் என்று கிடக்கிறது. ரொறன்ரோ என்று மாற்றினேன். முகூர்த்தம் பதினொரு மணி. உடனே துர்க்காவுக்கு ரெலிபோன் எடுத்துச் சொன்னேன். "எனக்கு அண்டைக்கே தெரியும் அக்கா. யாழ்ப்பாணம் எண்டு மூலையில கண்டனான். நீங்கள் அவ்வளவு பாடுபட்டு அவிச்சு இறக்கினதை, உப்பில்லை எண்டு எப்பிடிச் சொல்லுறது?" என்றா. கல்யாணம் பதினொரு மணிக்கு. மேலே ஒன்பது என்று எழுதிய இடமெல்லாம் வெட்டிவிடுங்கள். துர்க்காவுக்கு விட்டுக்கொடுக்கத் தெரியாது என்று எழுதிய இடத்தை, மச்சாள் வாசிக்க முதல் வெட்டுங்கள்.