போலியோ சொட்டும் பாஸ்கெட்பாலும்

பேங்க் டீம்காரன் பந்தோடு கோட்டில் வந்து நின்றான். எதிராளி இடித்துத் தள்ளியதால் கிடைத்த ஃப்ரீ த்ரோ. யாரும் தடுக்கக் கூடாது, நின்று நிதானமாகப் போடலாம். இது விழுந்தால் ஸ்கோர் சமம். ஸ்டேடியம் முழுக்க மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

பாப்பா வீலென்று கத்தியது.

பந்து வளையத்தில் முட்டி வெளியே விழுந்தது. போட்டவன் வளையத்தைப் பார்க்கவில்லை, கேலரியைப் பார்த்தான். அவனோடு சேர்ந்து எல்லோரும் பார்த்தார்கள். பாப்பாவின் வாயைப் பொத்துவதா, தன் மூஞ்சியை மறைப்பதா என்று உத்தமனுக்குத் தெரியவில்லை. பாப்பாவையே தூக்கி மூஞ்சிக்கு நேராகப் பிடித்துக்கொண்டான். சத்தம் இன்னும் நன்றாகக் கேட்டது.

"எந்த ஊர்ல சார் கைக்கொழந்தையை மேட்சுக்குத் தூக்கிட்டு வருவாங்க?" என்றார் பக்கத்து சீட்டுக்காரர்.

"குடியாத்தம் சார்."

"நல்லா ஞாபகம் வெச்சிக்கிறேன்."

குடியாத்தத்தில் உத்தமனை எல்லோருக்கும் தெரியும். உத்தமனுக்குப் பந்து மட்டும்தான் தெரியும். எங்கே டோர்னமென்ட் என்றாலும் லீவு சொல்லாமல் ஓடுவான். அப்படி ஓடி ஓடியே ஷூ கம்பெனி வேலை போனது. அன்றைக்கு அவன் பெண்டாட்டி மங்கை அழவில்லை, திட்டவில்லை. பாப்பாவைக் கொண்டுவந்து எதிரில் உட்கார வைத்தாள். இனிமேல் பந்தைத் தொடமாட்டேன் என்று பாப்பா தலையில் அடித்துச் சத்தியம் செய்யச் சொன்னாள். செய்தான். சத்தியம் செய்த அதே தலையைத்தான் இப்போது மடியில் வைத்துக்கொண்டு மேட்ச் பார்த்தான்.

பார்க்க மட்டும் வரவில்லை. பேங்க் டீமின் கோச் கிருஷ்ணப்பா போனில் சொல்லியிருந்தார்: "மேட்ச் முடிஞ்சதும் வா. ரெண்டு ஷாட் போட்டுக் காட்டு." அந்த டீமில் சேர்ந்துவிட்டால் ஆடுவதற்கே சம்பளம். வேலை கிடைத்த பிறகு மங்கையிடம் சொல்லிக்கொள்ளலாம். கிடைக்காவிட்டால் சொல்லவே வேண்டாம். வயது முப்பதை நெருங்கிவிட்டது. இதற்கப்புறம் யாரும் கூப்பிடப்போவதில்லை. அது அவனுக்கே தெரியும்.

மேட்ச் நடக்கும் ஊரில்தான், ஜீவனஹள்ளியில், மங்கையின் அண்ணன் வீட்டுக்கு ரெண்டு நாள் வந்திருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை போலியோ சொட்டு மருந்து நாள். அதைத்தான் உத்தமன் பிடித்துக்கொண்டான்.

"பாப்பாவுக்குச் சொட்டு மருந்து போடணுமே. நான் தூக்கிட்டுப் போறேன்" என்றான், குளித்துவிட்டு வந்ததும்.

"நீங்களா?"

"ஏன், நான் அப்பன் இல்லையா?"

"யாரு இல்லன்னா? வரிசையில நிக்கணுமே."

"நிப்பேன்."

"லேட் ஆவுமே."

"ஆவட்டும். நீ நல்லா ரெஸ்ட் எடு."

"சரிங்க. இருட்டுறதுக்குள்ள வந்தா போதும்."

பால் பாட்டில் ரெண்டு, மாற்றுத் துணி, போர்வை எல்லாம் பையில் தயாராக இருந்தன. ஜனவரிக் குளிருக்காகப் பாப்பாவுக்குக் குரங்குக் குல்லாயும் ரெண்டு கைக்கும் உறையும் மாட்டியிருந்தாள். நாக்கில் ரெண்டு சொட்டு விடுவதற்கு இத்தனை மூட்டை எதற்கு என்று அவனுக்குத் தோன்றவில்லை. தோன்றியிருந்தால் அவன் உத்தமனே இல்லை.

பேங்க் டீம் ஒரே ஒரு பாயிண்டில் தோற்றது.

கிருஷ்ணப்பா கூட்டம் கலையும்வரை காத்திருந்து உத்தமனைக் கூப்பிட்டார். பக்கத்தில் வியர்வை துடைத்துக்கொண்டிருந்த ஆட்டக்காரர்கள் எல்லோரும் அவனைவிட ஒரு முழம் உயரம், அவனைவிடச் சின்னப் பையன்கள்.

"அந்தக் கொழந்தை உன்னுதா குரு?"

"ஆமா சார்."

"நான் தோத்தது உன்னால."

"பாப்பாவால சார்."

கிருஷ்ணப்பா சிரிக்கவில்லை. பந்தை நீட்டினார். "போடு."

உத்தமன் பாப்பாவை அவரிடம் நீட்டினான். "பேடா பேடா" என்று கன்னடத்தில் வேண்டாம் சொல்லி அவர் ரெண்டடி பின்னால் போனார். தரை ஜில்லென்று இருந்தது. கீழே விட மனசு வரவில்லை. பாப்பாவை இடுப்பில் இடுக்கிக்கொண்டு ஒற்றைக் கையால் போட்டான். முதல் பந்து வளையத்தைக்கூடத் தொடவில்லை. ரெண்டாவது சத்தமில்லாமல் வலைக்குள் இறங்கியது. பாப்பா அழுகையை நிறுத்திவிட்டுப் பார்த்தது.

கிருஷ்ணப்பா பந்தை எடுத்துக்கொண்டு வந்தார். "நாளைக்குக் காலைல பிராக்டிஸ் இருக்கு. வா" என்றார். பாப்பாவை ஒருதரம் பார்த்தார். "தனியா வா."

வாசலுக்கு வந்தபிறகுதான் உத்தமனுக்கு உறைத்தது. சொட்டு மருந்து போட்டால் சுண்டுவிரலில் மை வைப்பார்கள். மருந்து போடுகிற இடமெல்லாம் இந்நேரம் மூடியிருக்கும். திரும்ப உள்ளே ஓடி, ஸ்கோர் எழுதுகிறவரிடம் மார்க்கர் பேனா வாங்கினான். எந்தக் கை என்று ஞாபகமில்லை. அகப்பட்டது வலது கை. உறையைக் கழற்றிச் சுண்டுவிரலில் கோடு இழுத்து ஊதிக் காயவைத்து, மறுபடியும் மாட்டிவிட்டான்.

வீட்டில் மங்கை கதவைத் திறந்தாள். நல்ல புடவையில் இருந்தாள். அவன் அதைக் கவனிக்கவில்லை.

"போட்டாச்சா?"

"போட்டாச்சு. என்னா கூட்டம்! கால் ஒடிஞ்சிப்போச்சு."

"மை வெச்சாங்களா?"

"வெக்காம?" வலது உறையைக் கழற்றிக் காட்டினான்.

"அட, ஆமா." அவள் பாப்பாவை வாங்கி நிதானமாக இடது உறையைக் கழற்றினாள். அந்தச் சுண்டுவிரலிலும் மை இருந்தது. "ரெண்டு வாட்டி போட்டுட்டாங்களா?"

உத்தமன் வலது உறையை மறுபடியும் மாட்டப் பார்த்தான்.

"நீங்க குளிக்கப் போனப்பவே தெருமுனையில போட்டுட்டு வந்துட்டேன். வரிசையே இல்ல."

"அப்ப ஏன் என்னை அனுப்புன?"

"நீங்கதானே போறேன்னீங்க. எனக்கு வைட்ஃபீல்டுல இன்டர்வியூ. அண்ணன் சொல்லி வெச்சிருந்தாரு. கொழந்தையோட போவ முடியாதே. நீங்க எங்க போனீங்கன்னு நான் கேக்கல. கேட்டா நீங்க சொல்லணும். சொன்னா பாப்பா தலைக்குத்தான் கேடு."

"கிடைச்சிதா?"

"நாளைக்கே வரச் சொல்லிட்டாங்க. விடியக்காலையிலேயே கம்பெனி வண்டி வந்துடும். இனிமே குடியாத்தம் இல்ல, இங்கதான்."

"நாளைக்கா! நாளைக்கு எனக்கு..."

"உங்களுக்கு நாளைக்கு என்னா?"

பாப்பா அவனையே பார்த்தது.

"ஒண்ணுமில்ல."

"அதத்தான் அண்ணிகிட்டயும் சொன்னேன். நீங்களும் அண்ணனும் வேலைக்குப் போயிடுவீங்க, பாப்பாவை இவரு பாத்துப்பாரு, இவருக்கு நாளைக்கு ஒண்ணுமில்லன்னு."

மறுநாள் வண்டி வந்தது. மங்கை ஏறிப் போனாள். அண்ணனும் அண்ணியும் போனார்கள். வெளியே பனி விலகவில்லை. உத்தமன் வாசலையும் பாப்பாவையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு குல்லாயை எடுத்து மாட்டினான்.

கிருஷ்ணப்பா தனியாக வரச் சொல்லியிருந்தார். உத்தமன் தனியாகப் போகவில்லை.