உயர்தரப் பெட்ரோல் ஆய்வுக் குழுவின் அறிக்கை

எங்கள் எடை அளவைத் துறைக்கு ஒரே ஒரு கார். பதினோரு வயது, இரண்டாவது கியரில் ஒரு முனகல், மற்றபடி குறை சொல்ல முடியாத வண்டி. அதை ஓட்டும் டிரைவர் இன்னும் எட்டு மாதத்தில் ஓய்வு பெற வேண்டியவர். நான் கோப்புப் பிரிவு எழுத்தர். கடைத் தராசுகளைச் சோதித்து முத்திரை குத்துவது எங்கள் வேலை. அளந்து பார்க்காமல் எதையும் நம்பாதே என்று வாசல் பலகையிலேயே எழுதி வைத்திருக்கிறோம்.

ஒரு நாள் இயக்குநர் ஏதோ கூட்டத்துக்குப் போய்விட்டு முகம் வாடித் திரும்பினார். கூட்டத்துக்கு வந்த மற்ற இயக்குநர்களின் கார்களெல்லாம் தொண்ணூற்றேழு நம்பர் உயர்தரப் பெட்ரோல்தான் குடிக்கின்றனவாம். நம் கார் மட்டும் தொண்ணூற்றொன்று என்று சொல்ல அவருக்கு நா எழவில்லை. டிரைவரைக் கூப்பிட்டார்.

"இனிமே நம்ம வண்டிக்கும் தொண்ணூத்தேழுதான் போடணும்."

"நம்ம வண்டிக்கு அது தேவையில்லைங்க ஐயா. தொண்ணூத்தொண்ணு போதும்னு வண்டியோட வந்த புத்தகத்துலயே போட்டிருக்கு."

"தொண்ணூத்தேழு பெரிய நம்பர் இல்லையா?"

"பெரிய நம்பர்னா சக்தி அதிகம்னு இல்லைங்க. நேரம் வர்றதுக்கு முன்னாடி தானா வெடிச்சிடாம பொறுமையா இருக்கும், அவ்வளவுதான். காத்தை ரொம்ப இறுக்கி அமுக்குற எஞ்சினுக்குத்தான் அது வேணும்."

"பொறுமை! அரசாங்க வண்டிக்கு அது வேண்டாமா?"

விஷயத்தை அறிவியல் முறைப்படி தீர்மானிக்க, இயக்குநர் தலைமையில் மூவர் குழு அமைக்கப்பட்டது. மற்ற இருவர் துணை இயக்குநரும் கொள்முதல் அதிகாரியும். காலையில் சாதாரணப் பெட்ரோல், மதியம் உயர்தரம். இரண்டு முறையும் அதே சாலை, அதே மேடு. உறுப்பினர்கள் பின் இருக்கையில் அமர்ந்து, நான் தட்டச்சு செய்த படிவத்தை நிரப்ப வேண்டும். "வாகனத்தின் உற்சாகம்: மிகுதி / பரவாயில்லை / இல்லை." "பயணிக்கு ஏற்பட்ட மதிப்புணர்வு" என்று தனியாக ஒரு கட்டமும் உண்டு.

காலையில் மூவரும் "இல்லை" என்று எழுதினார்கள். துணை இயக்குநருக்கு முதுகும் வலித்ததாம். டாங்கில் பங்க் வரை போகும் அளவு மட்டும் விட்டு மற்றதை வடித்துவிட்டு, டிரைவர் உயர்தரம் போடப் பெட்ரோல் பங்க்குக்குப் போய்த் திரும்பி வந்தார். குழு ஏறி உட்கார்ந்ததும் ஜன்னல் பக்கம் குனிந்தார்.

"ஐயா, ஒரு விஷயம்..."

"சோதனை நடக்கும்போது ஓட்டுநர் கருத்துச் சொல்லக் கூடாது. விதி நான்கு. வண்டியை எடுங்க."

எடுத்தார். மேடு வந்ததும் துணை இயக்குநர், "அடடா, வழுக்கிக்கிட்டுப் போகுதே!" என்றார். கொள்முதல் அதிகாரி கண்ணை மூடி, "சத்தம்கூட மரியாதையா இருக்கு" என்றார். இயக்குநர் மதிப்புணர்வுக் கட்டத்தில் இடம் போதாமல் தாளின் பின்பக்கமும் எழுதினார்.

அறிக்கை மேலிடத்துக்குப் போனது. எல்லாத் துறைகளுக்கும் உயர்தரத்தையே விதியாக்கலாமா என்று மேலிடம் யோசிப்பதாகப் பதிலும் வந்தது. அன்றைக்குத்தான் சோதனை நாள் மதியம் வாங்கிய பங்க் ரசீதைக் கோப்பில் ஒட்ட எடுத்தேன். அதில் தொண்ணூற்றொன்று என்று இருந்தது. டிரைவரிடம் ஓடினேன்.

"என்னங்க இது?"

"உயர்தரம் போடுற மெஷின் அன்னிக்கு ரிப்பேர் சார். இதைத்தான் போட்டேன். சொல்ல வந்தேன், விதி நாலுன்னுட்டாங்க."

"இந்த ரசீது தொலைஞ்சு போச்சுன்னா யாருக்கும் தெரியாது. எட்டு மாசம்தான் இருக்கு உங்களுக்கு."

அவர் ஸ்டியரிங்கைத் துடைப்பதை நிறுத்தவில்லை. "ஊர்ல இருக்கிற வண்டியெல்லாம் இதனால தொண்ணூத்தேழு குடிக்கணுமா சார்? எழுதியே கொடுத்துடறேன்" என்றார். எழுதி இயக்குநரிடம் கொடுத்தும்விட்டார்.

மறுநாளே அவருக்கு மெமோ வந்தது. உயர்மட்டக் குழுவைச் சாதாரணப் பெட்ரோலில் ஏற்றிச் சென்றதற்காக ஏன் பணிநீக்கம் செய்யக் கூடாது என்று கேட்டிருந்தார்கள். விசாரணையில் குறிப்பெடுத்தவன் நான்தான்.

"எங்களை ஏமாத்திட்டீங்க" என்றார் இயக்குநர்.

"நான் ஏமாத்தலைங்க ஐயா. வண்டியும் ஏமாறலை."

சிக்கல் பெரிது. ரசீது பொய் சொல்லாது. மூன்று அதிகாரிகள் கையெழுத்திட்ட உணர்வும் பொய்யாக முடியாது. டிரைவரை வேலையிலிருந்து நீக்கினால் காரணம் எழுத வேண்டும். எழுதினால் மேலிடம் படிக்கும். மதியம் வரை யோசித்த பிறகு கொள்முதல் அதிகாரிதான் வழி கண்டுபிடித்தார். வண்டி வழுக்கிக்கொண்டு போனது உண்மை. உள்ளே இருந்தது தொண்ணூற்றொன்று என்பதும் உண்மை. ஆகவே வேலை செய்தது பெட்ரோல் அல்ல, பெயர்.

அதன்படி ஆணை பிறந்தது. டாங்க் மூடியில் "உயர்தரம் 97" என்று ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். உள்ளே வழக்கமான பெட்ரோலை ஊற்றலாம். டிரைவர் மீதான நடவடிக்கை கைவிடப்பட்டது. அவருக்குப் பாராட்டுக் கடிதம் ஒன்றும் கிடைத்தது, எதற்கு என்று குறிப்பிடாமல்.

ஒரே மாதத்தில் எல்லா அலுவலகக் கார்களிலும் ஸ்டிக்கர் ஏறிவிட்டது. தனியார் வண்டிக்காரர்கள் ஸ்டிக்கர் கேட்டு எங்கள் வாசலில் வரிசையில் நின்றார்கள். போலி ஸ்டிக்கர்கள் நடமாடுவதாகப் புகார் வரவே, அவற்றைச் சோதிக்க எங்கள் துறையில் தனிப் பிரிவே திறந்தார்கள்.

இதையெல்லாம் பார்த்து வீட்டில் நான் சிரிக்காத நாளில்லை. என் மனைவிதான், "ஒட்டினா என்ன குறைஞ்சா போயிடும்?" என்றாள். சரி என்று என் காரிலும் ஒட்டினேன். சும்மா சொல்லக் கூடாது, மேடு ஏறும்போது வித்தியாசம் தெரியத்தான் செய்தது. ஆனால் வண்டி லேசாக இடது பக்கம் இழுத்தது. டிரைவரிடம் காட்டினேன். அவர் சுற்றி வந்து குனிந்து பார்த்தார்.

"ஸ்டிக்கரைக் கோணலா ஒட்டியிருக்கீங்க சார்" என்றார், முகத்தில் சிரிப்பே இல்லாமல்.

உரித்து நேராக ஒட்டினேன். இப்போது இழுப்பதில்லை.