கலாநிதியின் கையில் ஆடிய கல்

சனிக்கிழமை காலையில் மெல்பேர்ன் நோபிள் பார்க்கில் கார் நிறுத்த இடம் கிடைத்தால் அது நீங்கள் செய்த புண்ணியம். கிடைக்காவிட்டால் அது மைண்ட் மாஸ்டர் பிரதீப்குமார் செய்த புண்ணியம். சமூக மண்டபத்தில் அவர் ஆட்களைப் பார்க்கும் நாள் அது.

மாஸ்டர் சாமியார் அல்லர். அதை அவரே முதலில் சொல்லிவிடுவார். காவி இல்லை, வேப்பிலை இல்லை, உடுக்கு இல்லை. மடிப்புக் கலையாத சேர்ட், கழுத்தில் பெயர் அட்டை, மேசையில் ஒரு மடிக்கணினி. சில வருடங்களுக்கு முன்புவரை டண்டினொங் பக்கம் வீடு வீடாகப் போய்ச் சோலார் பனல் விற்றவர். சூரியனையே விற்றுப் பழகிய மனிதருக்கு மனத்தை விற்பது ஒரு பெரிய வேலையா?

அவருடைய சரக்கு ஒரு கண்ணாடிக் கல்லும் ஒரு மெல்லிய சங்கிலியும். கல்லைத் தொங்கவிட்டுக் கேள்வி கேட்க வேண்டும். முன்னும் பின்னும் ஆடினால் ஓம், அதாவது ஆம். இடமும் வலமுமாக ஆடினால் இல்லை. பள்ளிக்கூடத்தில் ஊசல் என்று படித்து, கணக்குப் போட்டு, பரீட்சையில் கோட்டை விட்டோமே, அதே சாமான்தான். இங்கே அதன் பெயர் சப்கொன்சியஸ் மீற்றர்; ஆழ்மனத்தை அளக்கிறதாம்.

ஊரில் சாத்திரியாரிடம் போனால் அது மூடநம்பிக்கை. மெல்பேர்னில் மீற்றரிடம் போனால் அது சயன்ஸ். எங்கள் சனம் படித்த சனம் அல்லவா, சயன்ஸ் என்றால் வரிசையில் நிற்கும். வீடு வாங்கலாமா, பிள்ளையை எந்த ரியூசனில் சேர்க்கலாம், ஊரில் இருக்கிற தங்கச்சியை ஸ்பொன்சர் பண்ணி இங்கே கூப்பிடலாமா, மாமியாரை வயோதிபர் இல்லத்தில் விடலாமா என்று எல்லாவற்றையும் கல்லிடம் கேட்டார்கள். கல்லும் சளைக்காமல் பதில் சொன்னது. வாசலில் காசு எடுக்கக் கார்ட் தட்டும் இயந்திரமும் சளைக்காமல் கீச்சிட்டது.

இதில் ஒரு விசேஷம் உண்டு. மாஸ்டர் கல்லைத் தொடவே மாட்டார். கேள்வி கேட்பவரே அதைத் தன் கையில் பிடிக்க வேண்டும். விபூதி வரவழைக்கிறவரின் கையைப் பிடித்து உதறலாம். இவரிடம் எதைப் பிடித்து உதறுவது?

அன்றைய வரிசையில் தொப்பியை நெற்றிவரை இழுத்துவிட்டு, கறுப்புக் கண்ணாடியும் போட்டுக்கொண்டு ஒருவர் நின்றார். கலாநிதி சிறிதரன். பல்கலைக்கழகம் ஒன்றில் உளவியல் விரிவுரையாளர். அந்தத் துறை எப்படித் தோன்றி வளர்ந்தது என்பதே அவர் கற்பிக்கும் பாடம். தமிழ் வானொலியில் சாதி, சமயம், சாத்திரம் எல்லாவற்றையும் கிழிகிழியென்று கிழிப்பவரும் அவர்தான். காரை இரண்டு தெரு தள்ளி நிறுத்திவிட்டு நடந்து வந்திருந்தார். ஆராய்ச்சிக்காக வந்ததாகத் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். ஆராய்ச்சிக்கு எதற்குத் தொப்பி என்று கேட்க அங்கே ஆள் இல்லை.

உண்மையான காரணம் அவருடைய ஒரே மகள் வினுஷா. பிசியோதெரபிஸ்ட். தன்னோடு வேலை செய்கிற நிஷானைக் கட்டப்போவதாக வீட்டில் சொல்லியிருந்தாள். நிஷான் மன்னார்க் கத்தோலிக்கப் பிள்ளை; சிறிதரன் வீடு சைவம். அடக்கமான பெடியன், நல்ல வேலை, சிரித்த முகம். சிறிதரன் கேட்டவுடனேயே, "எனக்கு ஒரு ஒப்ஜெக்‌ஷனும் இல்லை" என்றார். சாப்பிடும்போது மறுபடி சொன்னார். யாரும் கேட்காதபோதும் சொன்னார். ஒருவர் ஒரே வசனத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னால் அதைச் சந்தேகப்பட வேண்டும் என்று மாணவர்களுக்குப் படிப்பிக்கிறவர் அவர். மறுநாள் அல்ல, அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை, நிஷானின் தாய் மாக்கிறேட் சாப்பிட வந்து நாள் குறிப்பதாக ஏற்பாடு. அந்த நாள் நெருங்க நெருங்கச் சிறிதரனுக்குள் ஏதோ ஒன்று முள்ளாகக் குத்தியது. அது என்ன என்று பார்க்க அவர் விரும்பவில்லை.

"வாங்கோ டொக்டர்," என்றார் மாஸ்டர். தொப்பி வேலை செய்யவில்லை.

"நான் சும்மா பாக்க வந்தனான்."

"எல்லாரும் சும்மா பாக்கத்தான் வாறவை. முழங்கையை மேசையிலை வையுங்கோ. சங்கிலியைப் பிடியுங்கோ. கையை அசைக்கக் கூடாது. கேள்வியை மனசிலை வையுங்கோ, அவ்வளவுதான்."

முதலில் பரீட்சைக் கேள்வி. என் பெயர் சிறிதரனா? கல் கொஞ்ச நேரம் யோசித்தது. பிறகு முன்னும் பின்னும் ஆடியது. சிறிதரன் குனிந்து தன் விரல்களைப் பார்த்தார். அவர் அசைக்கவில்லை. எந்தக் கோர்ட்டிலும் ஏறிச் சத்தியம் செய்வார், அசைக்கவே இல்லை.

பிறகு தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "மகள் இந்தப் பெடியனைக் கட்டலாமோ?" என்று மெல்லக் கேட்டார். கல் நின்றது. தயங்கியது. இடமும் வலமுமாக ஆடத் தொடங்கியது. வரவர வேகமாக ஆடியது.

"நான் அசைக்கேல்லை," என்றார் சிறிதரன்.

"உங்கட கைதானே டொக்டர். நான் தொட்டனானோ?"

கலாநிதி கல்லை மேசையில் வைத்தார். விளக்கம் மாஸ்டரிடம் இருந்தது. இது ஒரு பிளொக், மனத்தடை என்றார். அதை எடுக்க ஒரு பக்கேஜ் இருக்கிறது என்றார். கல்லை வீட்டுக்கும் கொண்டுபோகலாம் என்றார். சிறிதரன் கார்டைத் தட்டினார். கல் ஒரு வெல்வெட் பையில் வீட்டுக்கு வந்தது.

குசினியில் மனைவி சிவாஜினி மரக்கறி வெட்டிக்கொண்டிருந்தாள். வினுஷா தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தாள். சிறிதரன் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"எனக்கு ஒரு ஒப்ஜெக்‌ஷனும் இல்லை," என்று தொடங்கினார். "ஆனா..."

சொல்லி முடித்ததும் வினுஷா கோப்பையைக் கீழே வைத்தாள். "அப்பா, ஆர் யூ சீரியஸ்? ஒரு கல்லு?"

"கல்லில்லை பிள்ளை. சப்கொன்சியஸ்."

சிவாஜினி கத்தியை வைத்துவிட்டுக் கையைத் துடைத்தாள். "இஞ்சை தாங்கோ பாப்பம்." சங்கிலியைப் பிடித்து அதே கேள்வியைக் கேட்டாள். கல் முன்னும் பின்னும் துள்ளி ஆடியது. "எனக்கு ஓம் எண்டு சொல்லுது. இப்ப ஆற்ற கல்லை நம்புறது?"

"உமக்குப் பிடிக்கத் தெரியேல்லை," என்றார் சிறிதரன். வாயிலிருந்து விழும்போதே அது கேவலமான பதில் என்று அவருக்குத் தெரிந்தது. ஆனாலும் விழுந்ததை அவர் பொறுக்கி எடுக்கவில்லை.

வினுஷா எழுந்தாள். "நீங்கள் வேண்டாம் எண்டு சொன்னா நான் உங்களோட சண்டை பிடிப்பன் அப்பா. கல்லோட நான் என்னெண்டு சண்டை பிடிக்கிறது? நிஷான்ர அம்மாவை வர வேண்டாம் எண்டு சொல்லுறன். நாங்கள் ரெண்டு பேரும் ரெஜிஸ்டர் பண்ணிப்போட்டு உங்களுக்கு மெசேஜ் போடுறம்." தேத்தண்ணிக் கோப்பையைக் கழுவி வைத்துவிட்டு அறைக்குள் போய்விட்டாள். அவள் கத்தியிருந்தால்கூடச் சிறிதரன் தாங்கியிருப்பார்.

திங்கட்கிழமை விரிவுரை. வருடந்தோறும் வரும் தலைப்புத்தான்: அமெரிக்க உளவியலில் செயற்பாட்டுவாதம் பிறந்த கதை. சிறிதரன் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் ஜெர்மன் ஆய்வுகூடங்களில் மனத்தைக் கூறு கூறாகப் பிரித்து, உள்ளே என்ன இருக்கிறது என்று தேடிக்கொண்டிருந்தார்கள். பரிணாமக் கொள்கையைப் படித்த சூட்டோடு அமெரிக்கர் சிலர் வேறு கேள்வி கேட்டார்கள். உள்ளே என்ன இருக்கிறது என்பது இருக்கட்டும். மனம் எதற்கு? இந்த உலகத்தில் பிழைத்துக் கிடக்க அது மனிதனுக்கு என்ன வேலை செய்து கொடுக்கிறது?

பிறகு அவர்களில் ஒருவர் அழுத்திச் சொன்ன விஷயம். ஓர் அசைவை நினைத்தாலே போதும், உடம்பு அதைச் சிறிதாகச் செய்யத் தொடங்கிவிடும். செய்கிறவருக்கே அது தெரியாது. இதைக் காட்டச் சிறிதரன் வருடந்தோறும் ஒரு நூலில் மோதிரத்தைக் கட்டித் தொங்கவிடுவார். இந்த முறையும் தொங்கவிட்டார். மோதிரம் ஆடியது. மாணவர்கள் சிரித்தார்கள்.

முன்வரிசையில் இருந்த மாணவி ஒருத்தி ஆங்கிலத்தில் கேட்டாள். அப்படியென்றால் இந்த மோதிரம் யாருடைய பதிலைச் சொல்கிறது?

"பிடித்திருப்பவருடைய பதிலை," என்றார் சிறிதரன், வருடந்தோறும் சொல்லும் அதே மிடுக்கோடு.

பிறகு மோதிரத்தைப் பிடித்தபடி திரையையே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டார். புரொஜெக்டர் பழுதாகிவிட்டதாக மாணவர்கள் நினைத்தார்கள். பழுதானது புரொஜெக்டர் அல்ல. நூலும் மோதிரமும் ஆடியபோது அது பாடம். கண்ணாடிக் கல்லும் வெல்வெட் பையும் வந்ததும் அது மகளின் தலையெழுத்து. இத்தனை வருடம் மற்றவர்களுக்குப் படிப்பித்தவர் தன் வகுப்புக்கு ஒரு நாள்கூட வராமலே இருந்திருக்கிறார்.

அடுத்த சனிக்கிழமை அவர் தொப்பி இல்லாமல் போனார். சிவாஜினியும் கூடப் போனாள். மண்டபத்தின் முன்னால் பெரிய பதாகை தொங்கியது: உங்கள் ஆழ்மனத்துக்குத் தெரியாதது எதுவும் இல்லை.

"மாஸ்டர், ஒரு சின்னப் பரிசோதனை," என்றார் சிறிதரன், எல்லோருக்கும் கேட்கும்படி. "இதிலை கொஞ்சம் பேப்பர்க் கோப்பையளைக் கவிழ்த்து வைப்பம். எல்லாரும் அங்காலை திரும்பி நிக்க, என்ர மனிசி ஒரு கோப்பைக்குக் கீழை தன்ர மோதிரத்தை வைப்பா. வச்சுப்போட்டு இந்த மண்டபத்துக் குசினிக்குள்ளை போய்க் கதவைச் சாத்துவா. எந்தக் கோப்பை எண்டு கல்லைக் கேளுங்கோ."

"இது விளையாட்டுச் சாமான் இல்லை டொக்டர்."

"தெரியாதது எதுவும் இல்லை எண்டு நீங்கள்தானே எழுதி வச்சிருக்கிறியள்."

சனம் பார்த்துக்கொண்டிருந்தது. மாஸ்டர் முதன்முறையாகக் கல்லைத் தன் கையில் பிடித்தார். கல் ஒரு கோப்பையின் மேல் கம்பீரமாக ஆடியது. தூக்கிப் பார்த்தார்கள். வெறும் மேசை. சிவாஜினி வந்து இடத்தை மாற்றி வைத்துவிட்டுப் போனாள். மறுபடியும் வெறும் மேசை. வரிசையில் நின்றவர்களும் ஆளுக்கொரு தடவை பிடித்துப் பார்த்தார்கள். ஒருவருக்குக் குருட்டுவாக்கில் அகப்பட்டது. கைதட்டினார்கள். அடுத்த தடவை அவருக்கும் வெறும் மேசைதான்.

கடைசியில் சிறிதரன் மோதிரத்தை எல்லோர் கண்ணுக்கும் முன்னால் ஒரு கோப்பைக்குக் கீழே வைத்தார். அதன் பிறகு யார் பிடித்தாலும் கல் அந்தக் கோப்பைக்கு மேலே சன்னதம் கொண்டு ஆடியது.

"தெரிஞ்சா ஆடுது. தெரியாட்டித் தடவுது," என்றாள் சிவாஜினி, குசினி வாசலில் நின்றபடி. "ஆட்டுறது கல்லில்லை. பிடிக்கிற கைதான்."

மாஸ்டர் பேப்பர்க் கோப்பை எனர்ஜியை மறிக்கும் என்றார். கூட்டத்தில் நெகட்டிவ் ஆட்கள் இருக்கிறார்கள் என்றார். சொல்லிக்கொண்டே மடிக்கணினியை மூடினார். அப்போதுதான் பக்கத்தில் நின்றவர்கள் பார்த்தார்கள், அதன் திரை கறுப்பாகவே கிடந்தது; இத்தனை நாளும் திறந்திருந்ததே தவிர ஒருநாளும் ஓடவில்லை.

கூட்டம் மாஸ்டர்மேல் பாயும் என்று சிறிதரன் எதிர்பார்த்தார். பாயவில்லை. ரஞ்சினி என்ற பெண் மெதுவாகக் கேட்டாள்.

"அப்ப என்ர தங்கச்சியை ஸ்பொன்சர் பண்ண வேண்டாம் எண்டது ஆர்?"

ஒவ்வொருவரும் தங்கள் தங்கள் கையைப் பார்த்துக்கொண்டார்கள். மாமியாரை வயோதிபர் இல்லத்தில் விட்டுவிட்டு வந்த மனிதர் கையைக் காற்சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். மாஸ்டர் எடுத்தது காசைத்தான். இந்தச் சிறிதரன் வந்து அவர்கள் சாட்டாகச் சொல்ல வைத்திருந்த கல்லையும் பறித்துவிட்டான். மாஸ்டரில் வந்த கோபத்தைவிடச் சிறிதரனில் வந்த கோபம் பெரிதாக இருந்தது.

"நீங்களும் கல்லு வாங்கினனீங்கள்தானே," என்றாள் ரஞ்சினி. "உங்களுக்கு என்ன சொன்னது?"

வானொலியில் மணிக்கணக்காகப் பேசுகிறவருக்கு இரண்டு சொல் சொல்ல வியர்த்தது.

"மகள்ர கலியாணம் வேண்டாமெண்டு சொன்னது," என்றார். பிறகு தலையைக் குனிந்துகொண்டு, "நான்தான் சொன்னனான்," என்றார்.

வீட்டுக்கு வந்ததும் வினுஷாவின் அறைக் கதவைத் தட்டினார். "எனக்கு விருப்பமில்லை பிள்ளை," என்றார்.

"ஏன்?"

"அவை வேதக்காரர்." சொல்லும்போதே முகம் சிவந்தது. "கோயில்லை ஆக்கள் கேப்பினம். பேரப்பிள்ளையளுக்கு என்ன பேர் வைப்பியளோ தெரியாது. பிறகு... அவை வீட்டிலை எல்லாத்துக்கும் மீன் சமைப்பினம்." ஒன்றுக்குப் பின் ஒன்றாக வந்த காரணங்கள் வரவரச் சின்னதாகிக்கொண்டே போயின. இவ்வளவு சில்லறைச் சாமானை இத்தனை நாளும் எங்கே ஒளித்து வைத்திருந்தேன் என்று அவருக்கே வெட்கமாக இருந்தது.

வினுஷாவுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. "இப்பதான் அப்பா நீங்கள் என்னோட கதைக்கிறீங்கள்."

அன்று பின்னேரம் முழுக்க இருவரும் சண்டை பிடித்தார்கள். நல்ல சண்டை. முடிவில் சிறிதரனின் கையில் ஒரு காரணமும் மிஞ்சவில்லை. "வரச் சொல்லு அவையை," என்றார்.

மறுநாள் மாக்கிறேட் மீன் கட்லட்டோடுதான் வந்தார். குசினி யன்னல் திரையை இழுக்கிற கயிற்றின் நுனியில் வினுஷா அந்தக் கல்லைக் கட்டித் தொங்கவிட்டிருந்தாள். மாக்கிறேட் அதைக் கண்டதும் நின்றுவிட்டார்.

"அண்ணை, இது எங்கட வீட்டையும் ஒண்டு கிடக்கு."

சிறிதரன் கையில் வாங்கிய கட்லட் தட்டைக் கீழே வைத்தார். "உங்களுக்கு என்ன சொன்னது?"

"வேண்டாமெண்டுதான்," என்றார் மாக்கிறேட், சேலைத் தலைப்பைத் திருகிக்கொண்டு. "சைவக்காரர் எண்டு."

சிவாஜினிதான் முதலில் சிரித்தாள். ஊரில் எத்தனையோ பேர் பாடுபட்டும் வராத சமய ஒற்றுமை, ஒரு கண்ணாடிக் கல்லில் வந்திருந்தது.

மாஸ்டர் பிரதீப்குமார் இப்போது வேறொரு மண்டபத்தில் மூளை அலையைக் கேட்கும் ஹெட்போன் விற்கிறாராம். அங்கேயும் கார் நிறுத்த இடம் இல்லையாம். அந்த ஹெட்போனுக்குள்ளே என்ன இருக்கிறது என்று அங்கேயும் யாராவது ஆராய்ந்துகொண்டிருப்பார்கள். அது எதற்கு என்று கேட்டால் போதும்: வாயால் சொல்லத் துணிவில்லாததை உங்களுக்காகச் சொல்வதற்கு. கழுத்துக்கு மேலே இருப்பது எதற்கு என்றும் ஒருமுறை கேட்டுப் பாருங்கள். அந்த வாசலில் கார்ட் தட்டத் தேவையில்லை. எந்த நாள் போனாலும் இடம் தாராளம், வரிசையில் ஒருவரும் நிற்பதில்லை.